ஒரே திரையில் மூன்று மேசையா, ஒரே மேசையில் இரண்டு திரையா?

எங்கள் மலேசிய ஊருக்குச் சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருந்தாலும் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் தட்டச்சு, அச்சு, கணக்கு எல்லாம் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். செம்பனைக் காண்ட்ரக்டரின் சம்பளப் பட்டியல் எக்செலில் பாதியில் நிற்கும். கல்யாண அழைப்பிதழுக்குப் பிழை பார்க்க ஒரு குடும்பமே வந்து உட்காரும். நடுவில் யாராவது ஐசி என்ற அடையாள அட்டையை நீட்டி, "அக்கா, இபிஎஃப் அறிக்கை எடுக்கணும்" என்பார்.

ஒரு நாள் சன்னல் மாற்ற ஆல்ட்-டேப் அழுத்தியபோது அழைப்பிதழுக்குப் பதில் சம்பளப் பட்டியல் வந்து நின்றது. பின்னால் நின்ற அம்மா, "அட, எங்க வீட்டுக்காரருக்கு இவ்ளோதான் போட்டிருக்காங்களா?" என்றார். தப்பு என்னுடையதுதான். ஆல்ட்-டேப் நான்கு சன்னல் வரை சரி. பதினைந்தைத் தாண்டினால் அது சீட்டாட்டம்.

அதற்குப் பிறகுதான் விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு மாறினேன்: ஒரே திரையில் பல மேசை, ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சன்னல்கள், ஒரு நேரத்தில் ஒரு மேசைதான் கண்ணில் படும். லினக்ஸ்காரர்களுக்கு இது பழங்கதை. மேக்கில் 2007இலேயே வந்தது. விண்டோசில் உள்ளேயே சேர்ந்து வந்தது 2015இல், விண்டோஸ் 10 உடன். காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது மேசை. டிக்குப் பதில் இடது வலது அம்புக்குறி என்றால் மேசை மாறும்.

நான் மூன்று வைத்திருக்கிறேன்: கணக்கு, அச்சு, வந்தவர் வேலை. விண்டோஸ் 11இல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னணிப் படம் வைக்கலாம். கணக்குக்குச் சிவப்பு வைத்தேன். சிவப்பு தெரிந்தால் பின்னால் ஆள் நிற்கக்கூடாது. வாட்சாப்பை மட்டும் விண்டோஸ்-டேப் அழுத்தி, அந்தச் சன்னலில் வலது கிளிக் செய்து, எல்லா மேசையிலும் தெரியும்படி வைத்துவிட்டேன். கீழ்ப்பட்டையில் அந்தந்த மேசையின் சன்னல்கள்தான் தெரியும். அந்த நிம்மதி தனி.

அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவர். செக்ரோல் என்ற ஆள்வருகை, சம்பளப் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்த புத்தகத்தைத் திறப்பார். எனக்கு இது அதே பழக்கம்தான். ஆனால் மாசக் கடைசியில் மட்டும் வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் பாக்கெட் புத்தகத்தையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்குவார்.

அந்த வேலைக்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆகாது. காண்ட்ரக்டர் அனுப்பும் பேர்ப்பட்டியல் படம் ஒரு மேசையில், எக்செல் இன்னொன்றில். 18.75 என்று பார்த்துவிட்டு மேசை மாறுவதற்குள் அது 17.85 ஆகிவிடும். திரையை இரண்டாகப் பிரித்தும் பார்த்தேன்; பதினான்கு அங்குல லேப்டாப்பில் எக்செலின் கடைசிப் பத்திகள் ஒளிந்துகொள்ளும். கடைசியில் பழைய மோனிட்டர் ஒன்றை 120 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி எச்டிஎம்ஐ கம்பியில் மாட்டினேன். அன்றைக்கே சம்பளக் கணக்கு ஒரு மணி நேரம் முன்னால் முடிந்தது. ஆனால் அந்தத் திரை வாசலைப் பார்த்து நிற்கிறது. தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கப் போகிறவரும் எட்டிப் பார்ப்பார்.

இரண்டையும் சேர்த்து வைப்பவர்களுக்கு ஒரு கண்ணி உண்டு. விண்டோசில் மேசையை மாற்றினால் இரண்டு திரையும் சேர்ந்தே மாறும். மேக்கில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி மேசை வைக்கலாம். இந்த ஒன்றில் எனக்கு மேக் மேல் பொறாமை.

மேசை கூடினால் கணினி வேகமாகும் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் படாத சன்னலும் கணினியின் நினைவகமான ரேமைத் தின்றுகொண்டுதான் இருக்கும். இங்கே மத்தியான இடி மழையில் மின்சாரம் போவது சாதாரணம். பேட்டரி செத்த லேப்டாப் அணைந்து மறுபடி எழும்போது மேசைகளும் பெயர்களும் இருக்கும், சன்னல்கள் இருக்காது. மேசையை நாமே மூடினால் அதில் திறந்திருந்தவை பக்கத்து மேசைக்குப் போய்விடும். அந்த வகையில் எதுவும் தொலையாது.

ஆள் வந்து போகும் கடை என்றால் முதலில் காசில்லாத வழியையே எடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் அடிப்பவர் என்றால் மோனிட்டர் வாங்கிவிடுங்கள். நான் மாசக் கடைசி மூன்று நாள் மட்டும் அதைப் போடுகிறேன், சுவர்ப் பக்கம் திருப்பி.