மண்டையோட்டு அந்துப்பூச்சி: ஸ்டிக்ஸா, லாகெசிஸா?

முதுகிலுள்ள மண்டையோட்டுக் குறியைக் கண்டதுமே பெயரை முடிவு செய்யத் தோன்றும். ஆனால் அகெரோன்ஷியா பேரினத்தின் மூன்று இனங்களுக்கும் அந்தக் குறி பொது என்பதால், தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஸ்டிக்ஸ், லாகெசிஸ் என்ற இரண்டுக்கும் இடையில் குழப்பம் எழுகிறது. மூன்றாவதான அட்ரோபோஸ் ஆப்பிரிக்கா, ஐரோப்பா பக்கத்தைச் சேர்ந்தது.

நம்பத்தக்க அடையாளம் பின்சிறகில் இருக்கிறது. ஸ்டிக்ஸின் பின்சிறகு உடலோடு சேரும் இடம் வரை மஞ்சளாக இருக்க, அதன் குறுக்கே இரண்டு கரும்பட்டைகள் மட்டும் ஓடும். லாகெசிஸிலோ அடிப்பகுதியிலேயே பெரிய கருந்திட்டு ஒன்று படர்ந்து, பட்டைகளும் அகன்று, மஞ்சள் நிறம் இடையில் ஒடுங்கிவிடுகிறது. அமர்ந்திருக்கும் பூச்சி முன்சிறகுகளால் இவற்றை மூடிக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். ஒரு புல்லின் நுனியால் மெல்லத் தொட்டால், அது சிறகுகளை உயர்த்திக் கீச்சிடும். படம் எடுக்க வேண்டிய கணம் அதுவே. அந்த ஒலி குட்டையான உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றைச் செலுத்துவதால் வருவது.

சிறகைத் திறக்காவிட்டால், முன்சிறகின் நடுவிலுள்ள சிறு புள்ளியைப் பாருங்கள்: ஸ்டிக்ஸில் அது ஆரஞ்சுச் சாயல் கொண்டது. அளவை மட்டும் நம்புவது, என் கருத்தில், வீண். லாகெசிஸ் 13 செ.மீ. வரை சிறகு விரித்தாலும், அதன் சிறிய பூச்சிகள் பெரிய ஸ்டிக்ஸின் அளவிலேயே இருக்கும். தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் குடிக்கும் வழக்கமும் இரண்டுக்கும் உண்டு என்பதால், கூட்டருகே கண்டதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது.