எஃகுக் கழுத்தின் லட்சணம்

“உங்களுடையதைப் போலவே ஒரு பழைய ஸ்டெல்லா கிட்டார் 180 டாலருக்கு வருகிறது, வாங்கலாமா?” என்று நண்பர் கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

என்னுடையது ஹார்மனி நிறுவனம் ஸ்டெல்லா என்ற பெயரில் செய்த ஹெச்929. மூன்று வருடங்களுக்கு முன், சிகாகோ புறநகரில் காலமான ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது 40 டாலருக்கு எடுத்தேன். சின்ன உடல், முழுக்க பிர்ச் மரம். ஓரத்தில் ஓடும் வெள்ளைக் கோடு பட்டையல்ல, வெறும் பெயின்ட். மர வரிகளும் பாதி தூரிகை வேலைதான். மாணவர்களுக்கான மலிவு கிட்டாரில் இதெல்லாம் குற்றமில்லை.

என் எரிச்சல் தலைப் பகுதியில் அச்சிட்டிருக்கும் வாசகத்தின் மேல்தான்: ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’, அதாவது எஃகால் வலுவூட்டிய கழுத்து. உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையைத் திருகவோ முறுக்கவோ வழியில்லை. கழுத்து வளைந்தால் அதுவும் சேர்ந்து வளையும். என்னிடம் வந்தபோது 12ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி 6 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் எஃப் கார்டு பிடித்தால் விரல் நுனியில் பள்ளம் விழும். ஒவ்வொரு முறை சுருதி சேர்க்கும்போதும் அந்தப் பெருமைப் பேச்சு கண்ணெதிரே!

முதலில் கொடுத்த கடையில், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜைச் செதுக்கித் தாழ்த்தி 60 டாலர் வாங்கிக்கொண்டார்கள். இந்த பிரிட்ஜ் ஒட்டியதல்ல. உடலின் அடி முனையில் உள்ள வால் தகட்டிலிருந்து வரும் கம்பிகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பது. தாழ்த்தியதும் கம்பியின் சாய்வு குறைந்து ஒலி செத்துவிட்டது. பலமாக மீட்டினால் பிரிட்ஜே நகர்ந்தது.

பிறகு கிடைத்த பெரியவர் கழுத்தையே கழற்றினார். உடலோடு சேரும் இடத்துக்கு அடுத்த ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சிறு துளையிட்டு நீராவி செலுத்தினார். கால் மணி நேரத்தில் பசை இளகி, இணைப்பு முனகிக்கொண்டே விலகியது. கோணத்தைச் சீவித் திரும்ப ஒட்டி, புது பிரிட்ஜும் வைத்தார். 380 டாலர். கம்பி 2.5 மில்லிமீட்டருக்கு இறங்கியது.

அதன் பிறகு கேட்ட ஒலியை என்ன சொல்ல! உள்ளே தாங்கு கட்டைகள் ஏணிப்படி போலக் குறுக்கே இருப்பதால் நாதம் நீளாது. கதவைத் தட்டினாற்போல் வந்து நின்றுவிடும். கட்டைவிரலில் பாஸ் (தாழ்ந்த சுரங்கள்) போட்டால் ஒரு சுரம் அடுத்ததன் மேல் வழியாது. என் 1,500 டாலர் கிட்டார் மூன்று மாதமாக உறையை விட்டு வெளியே வரவில்லை.

மதிப்பீட்டுக்குக் கொண்டுபோனபோது 200 என்றார்கள். செலவில் பாதிகூட இல்லை. “லெட் பெல்லி வாசித்த ஸ்டெல்லா” என்று விலை ஏற்றுபவர்களை நம்பாதீர்கள். அந்த அமெரிக்க ப்ளூஸ் பாடகருடையது ஜெர்சி சிட்டியில் ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனம் செய்த பன்னிரு கம்பிக் கிட்டார். ஹார்மனி ஸ்டெல்லா என்ற பெயரை 1939இல்தான் வாங்கியது. 1975இல் அதுவும் மூடிவிட்டது.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். என் பேச்சை மீறி வாங்கியே தீருவீர்கள் என்றால், 12ஆவது ஃபிரெட்டில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தை முதலில் கேளுங்கள். ஆகஸ்ட் ஈரத்தில் நேற்று என்னுடையதை மறுபடி அளந்தேன்: 3 மில்லிமீட்டர்.