செட்டா, ஆக்கா?

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர்களை சிஎஸ்வி கோப்பில் (தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் உரைக்கோப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம்: ஷெல் ஸ்கிரிப்ட்டில் (லினக்ஸ் போன்ற கணினிகளில் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பு) உரையைத் திருத்தும் செட் (sed) போதுமா, பத்திவாரியாகக் கணக்குப் போடும் ஆக் (awk) வேண்டுமா? இரண்டும் 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தவை, இரண்டும் இலவசம். செலவை விடுங்கள்.

கற்பது: செட்டில் ஒரு சொல்லை இன்னொன்றாக்கும் மாற்றுக் கட்டளை ஒன்றே பாதி வேலையை முடிக்கும். ஆக்குக்குக் கொஞ்சம் நிரல் பழக்கம் வேண்டும்.

திருத்துவது: 'காரைகுடி' என்று ஒற்று விட்டு அடித்ததை எல்லா வரியிலும் சரிசெய்ய செட். ஆக்கிலும் முடியும், எதற்கு?

கூட்டுவது: ஊர்வாரியாக எத்தனை சதுர அடி என்றால் ஆக்தான். ஊர்ப் பெயர் உள்ள பத்தியையே (column) சாவியாக வைத்து, ஒரே ஓட்டத்தில் தொகை சேர்த்துவிடும். செட்டில் கூட்டப் பார்ப்பது வீம்பு.

ஆபத்து: செட்டின் 'ஐ' (-i) தெரிவு மூலக் கோப்பையே மாற்றும். கூடவே .bak போல ஒரு பின்னொட்டு கொடுத்தால் பழைய கோப்பு நகலாக நிற்கும். ஆக் வழக்கமாக மூலத்தைத் தொடாது. ஆனால் "மேலத் தெரு, தேவகோட்டை" என மேற்கோளுக்குள் காற்புள்ளி வந்தால் பத்திகள் பிசகும். 2023இல் வந்த குனு ஆக் (ஆக்கின் குனு வடிவம், gawk) 5.3இல் இதற்கென்றே சிஎஸ்வி தெரிவு (--csv) உண்டு. பழைய பதிப்பு என்றால் பேசாமல் பைத்தான் நிரல்மொழிக்குப் போய்விடலாம்.

எழுத்துப்பிழை திருத்த மட்டும் செட். வடிகட்டல், தொகை, மாதக் கணக்கு எல்லாம் ஆக். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் செட், அப்புறம் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் | குறி) போட்டு ஆக்.