ரிச்சி தெருவில் வாங்கிய போலி ஹெட்போன்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

கச்சேரி ஒலிப்பதிவுகளைச் சீர்செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் ஹெட்போன் என் தலையில் இருக்கும். பழையது உடைந்துபோனதால், மூன்று மாதங்களுக்கு முன், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், ஆடியோ டெக்னிக்கா நிறுவனத்தின் எம்50எக்ஸ் மாடல் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை 7,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது போலி. அந்தத் தெருவில் பல ஆண்டுகளாக நான் பொருள் வாங்கும் நேர்மையான கடைகளும் உண்டு. இந்தக் கடைக்கு நான் போனது அதுவே முதல் முறை.

மற்ற இடங்களில் கேட்டதைவிட விலை மூவாயிரம் ரூபாய் குறைவு. “கம்பெனி பீஸ்தான் சார், ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் கூட வரும்” என்று சொல்லி, கடைப் பெயர்கூட அச்சிடாத ஒரு எஸ்டிமேட் சீட்டில் ‘ஹெட்போன் 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலை அவசரத்தில் நானும் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியின் பதிவை முடித்து அனுப்பியபோதுதான் ஐயம் எழுந்தது. மிருதங்கம் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது என்றும், குரல் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்றும் சொல்லி வித்வானின் மாணவர் அதைத் திருப்பி அனுப்பினார். என் ஹெட்போனில் எல்லாம் சரியாகவே கேட்டது. அதே மாதிரியில் அசலை வைத்திருக்கும் நண்பரிடம் அதை ஒரு வாரம் இரவல் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்து, அதே கச்சேரியின் திருத்தாத மூலப் பதிவைக் கேட்டேன்.

அசலில், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கீழ் ஒலி எழுந்து வளைந்து அடங்குவது தனியாகக் கேட்கிறது. வலப்பக்கமான வலந்தலையில் தட்டும் ஒவ்வொரு சொல்லும் அதன்மேல் தெளிவாக விழுகிறது. போலியில் தொப்பி வெறும் ‘தொம்’ என்று வீங்கி, வலந்தலையையும் தம்பூராவின் ரீங்காரத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. இல்லாத அந்த வீக்கத்தைக் குறைப்பதாக எண்ணி, பதிவில் இருந்த நல்ல கீழ் ஒலியை நான் வெட்டி எறிந்திருக்கிறேன். குரலுக்கு நேர்ந்ததும் இதுவே. போலியில் வலப்பக்கம் ஒலி குறைவு. என் காதில்தான் கோளாறோ என்று பயந்து, ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி அணிந்து பார்த்தேன். குறைவும் இடப்பக்கத்துக்கு மாறியது. கோளாறு கருவியில்தான் என்பது அப்போது உறுதியாயிற்று. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் குரலை வலப்பக்கம் தள்ளியிருக்கிறேன்.

அணியும் சுகத்திலும் வேறுபாடு பெரிது. அசலும் தலையைச் சற்று இறுக்கவே செய்யும்; சென்னை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காது வியர்த்துவிடும். ஆனால் அதன் மெத்தைக்குள் காது முழுவதும் அடங்கி உட்காரும். போலியின் மெத்தையோ அழுத்தியவுடன் தட்டையாகி, உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் தட்டு காது மடலில் உரசுகிறது; முக்கால் மணி நேரத்தில் மடலின் மேல் விளிம்பு சிவந்து வலிக்கத் தொடங்கும். இரண்டாம் மாதமே மெத்தையின் மேலுறை செதில் செதிலாக உரிந்து, கறுப்புத் துணுக்குகள் கழுத்தில் ஒட்டின.

மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வயர் இல்லாமல் நிறுத்தேன். அசலுக்கு நிறுவனம் குறிப்பிடும் எடை 285 கிராம். நண்பருடையது ஏறக்குறைய அதே எடை காட்டியது. என்னுடையது 214 கிராம். அசலுடன் சுருள் வயர் ஒன்று, 3 மீட்டர் நேர் வயர் ஒன்று, 1.2 மீட்டர் நேர் வயர் ஒன்று என மூன்று வரும். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். அசலில் வயரைச் செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். என்னுடையது எவ்வளவு திருகினாலும் வழுக்கிச் சுற்றுகிறது. கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, வயர்களை எண்ணி, இந்தப் பூட்டைத் திருகிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். திறக்க மறுத்தால் வாங்காதீர்கள். பில் எண்ணும் மாடல் பெயரும் உள்ள ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

திரும்பிப் போய்க் கேட்டபோது, “இது எங்க கடையில வாங்கினதுன்னு என்ன சார் ஆதாரம்?” என்றார்கள். சீட்டில் கடைப் பெயர் இல்லாததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. நல்ல வேளையாக, பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தியிருந்தேன். கடைக்காரரின் கணக்குப் பெயரும் நாளும் நேரமும் அதில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். இதேபோல் ஏமாந்தவர்கள் பெட்டியையும் சீட்டையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பதிவை, நண்பரின் ஹெட்போனை வைத்துக்கொண்டு முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன்.