ஒரு இன்ச் பெடல்: டீசல் வண்டியில் த்ராட்டில் பாக்ஸ், இரண்டரை வருடம் கழித்து

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "மாப்ள, அந்த பிக்கப் டப்பா ஒண்ணு போட்டியே, நல்லா இருக்கா? இப்ப ஏழாயிரத்துக்கு வருது. நானும் போடலாமா?" நான் வாங்கும்போது 11,500 ரூபாய். "வேண்டாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் புரிந்தது, அந்த 'வேண்டாம்' டப்பாவைப் பற்றியது இல்லை, 4,500 ரூபாயைப் பற்றியது. அவனுக்காகக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வண்டி 2.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர், பிஎஸ்4, ஏழு சீட். கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும், அதனால் சொல்லவில்லை. டப்பாவின் பெயரும் அப்படியே. பெடல்பாக்ஸ், பெடல் கமாண்டர், ஸ்பிரிண்ட் பூஸ்டர் என்று வெளிநாட்டுச் சரக்குகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் எதுவானாலும் செய்யும் வேலை ஒன்றுதான்: கால் மிதித்ததை வண்டியிடம் கூட்டியோ குறைத்தோ சொல்வது. ஆக்சிலரேட்டர் பெடலுக்கு மேலே இருக்கும் ஒயர் கப்ளரைக் கழற்றி, நடுவில் இதைச் சொருக வேண்டும். சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, என்ஜினின் மூளையான ஈசியு (கம்ப்யூட்டர்) தூங்கும்வரை கொஞ்ச நேரம் காத்திருந்து மாட்டினால் போதும். பத்து நிமிட வேலை, ஆனால் ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்து கழுத்து பிடித்துக்கொண்டது இரண்டு நாள் போகவில்லை.

முதலில் இதில் உள்ள பொய்யைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் பெடலை மிதித்தால் காற்று வரும் வழியில் ஒரு வட்டத் தகடு திறக்கும், அதுதான் த்ராட்டில். டீசலில் பெடல் அப்படி எதையும் திறப்பதில்லை. அது கொடுப்பது ஒரு மனு, அவ்வளவுதான். 'இவ்வளவு இழுவை வேண்டும்' என்று கால் கேட்கும். என்ஜின் சுற்று (ஆர்பிஎம்) என்ன, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் அழுத்தம் என்ன, உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்று பார்த்து, எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்று ஈசியு முடிவு செய்யும். காற்று பத்தாமல் டீசலை மட்டும் ஊற்றினால் கரும்புகைதான் வரும் என்று அதற்குத் தெரியும். அதனால் டர்போ விழிக்காத ஆர்பிஎம்மில் நீங்கள் பெடலைத் தரையோடு அழுத்தினாலும் 'கொஞ்சம் பொறு' என்பதுதான் பதில்.

இந்த டப்பா மனுவைத்தான் திருத்துகிறது. வண்டியின் கோளாறு பார்க்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் டாங்கிளை மாட்டி போனில் பார்த்தேன். டப்பாவின் வேகமான மோடான ஸ்போர்ட் பிளஸ்ஸில், டப்பா ஆஃபில் இருந்தால் 25 சதவீதம் காட்டும் அளவுக்கு மிதித்தால், திரையில் 48. முழுக்க மிதித்தால் ஆஃபிலும் ஆனிலும் ஒரே எண்தான், அதற்கு மேல் பொய் சொல்ல இடமில்லை. பவர் ஒரு குதிரைசக்தி கூட ஏறாது. ரீமேப்பிங் என்பது ஈசியுவுக்கு உள்ளே கை வைப்பது, டியூனிங் பாக்ஸ் என்பது டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாரிடம் விளையாடுவது. அவை வேறு கதை. கடைக்காரர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புவார்கள்.

நம்பாமல் நானே சோதித்தேன். விடிகாலை, காலியான பைபாஸ், மூன்றாவது கியர், 40லிருந்து 80 வரை பெடல் முழு மிதி. ஆஃபில் மூன்று முறை, ஸ்போர்ட் பிளஸ்ஸில் மூன்று முறை. பக்கத்து சீட்டில் அக்கா பையன் போனில் ஸ்டாப்வாட்ச். வந்த வித்தியாசம் அவன் விரல் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிட்டது. "மாமா, இதுக்கா பதினோராயிரம்?" என்றான். அவனுக்குக் காலை டிபன் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

ஆனால் ரோட்டில் யார் பெடலை முழுக்க மிதித்து ஓட்டுகிறார்கள்? நாம் ஓட்டுவதெல்லாம் கால்வாசி, அரைவாசி மிதியில். அங்கே இந்தப் பொய் சுகமாக இருக்கிறது. கரூர் ரோட்டில் நான்காவது கியரில் 60ல் ஒரு லாரிக்குப் பின்னால் போகிறேன், எதிரே வழி தெரிகிறது. முன்பெல்லாம் மிதித்து, யோசித்து, இன்னும் மிதித்து, அப்புறம்தான் வண்டி கிளம்பும். இப்போது கால் கட்டைவிரலை அசைத்தால் வண்டி முன்னே பாய்கிறது. டர்போ லேக், அதாவது டர்போ விழிக்க எடுக்கும் தாமதம், போய்விட்டதா என்றால் போகவில்லை. நான் தயங்கிய அரை நொடிதான் போயிருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம், மறைப்பானேன்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பெடலின் முதல் ஒரு இன்ச்.

கம்பெனிக்காரன் அந்த முதல் இன்ச்சை மந்தமாக வைத்தது முட்டாள்தனத்தில் இல்லை. கிளட்ச் பிழைக்க வேண்டும், அதற்குப் பின்னால் உள்ள, என்ஜின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் பிழைக்க வேண்டும் (மாற்றப் போனால் தெரியும் விலை), பின்சீட்டில் இருப்பவர்கள் கழுத்தும் பிழைக்க வேண்டும். அந்த இன்ச்சில்தான் நாம் வேகத்தடை தாண்டுகிறோம், பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஊர்கிறோம், ரிவர்ஸ் எடுக்கிறோம். டப்பா அதைத்தான் முதலில் தின்கிறது. முதல் கியரில் கால் நகம் அளவு அழுத்தினால் வண்டி குதிக்கும், பயந்து காலை எடுத்தால் முன்னால் தலையாட்டும். எங்கள் ஊர் நாமக்கல், முட்டை அட்டை இல்லாமல் வண்டி உறவுக்காரர் வீட்டுக்குப் போகாது. மாட்டிய முதல் வாரம், பின்சீட்டில் முப்பது முட்டை அட்டை ஒன்று. ராசிபுரம் போய்ச் சேர்ந்தபோது இருபத்தாறு. அதைவிட அம்மா. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "வண்டி பழகறதுக்கு இன்னும் எல்போர்டு மாட்டலாம்டா" என்பார். முப்பது வருடமாக ஓட்டுகிறவன் நான்.

கொல்லிமலையில் இது இன்னும் மோசம், இன்னும் நல்லது, இரண்டும். காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்குள் நுழையும்போது இரண்டாவது கியரில் ஆர்பிஎம் விழுந்துவிடும், டர்போ தூங்கும். டப்பா இருந்தால் மனு சீக்கிரம் போகிறது, வண்டி திணறாமல் எழும்புகிறது. ஆனால் டர்போ விழிக்கும் அந்த நொடியில் நீங்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கேட்கப்பட்டிருக்கிறது. மொத்தமாக வந்து சேர்கிறது. முன்னால் போகிற மலைப் பஸ்ஸின் பின் கண்ணாடி திடீரென்று பக்கத்தில் வரும். இருபதாவது வளைவுக்குள் கால் கற்றுக்கொண்டுவிடும்: மிதி, இழுவை வருமுன் பாதி விடு. யாராவது ஓட்டுநர் மாறினால் அவர் முதல் வளைவிலிருந்து கற்க வேண்டும்.

எக்கோ மோடு என்று ஒன்று இருக்கிறது, பெடலை இன்னும் மந்தமாக்கும். வாங்கும்போது யாருக்கடா இது என்று சிரித்தேன். மழையில் நனைந்த மலைரோட்டில் அதுதான் சொர்க்கம். காசு கொடுத்து வாங்கியது வேகத்துக்கு, பிடித்துப்போனது மந்தத்தில்.

மைலேஜ் பற்றி ஒரு வரி: ஸ்போர்ட் பிளஸ்ஸில் கிடந்த மாதங்களில் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைந்தது, அது டப்பா குடித்தது இல்லை, என் கால் குடித்தது. க்ரூஸ் கன்ட்ரோலில் போட்டால் எந்த வித்தியாசமும் இல்லை, அது பெடலைக் கேட்பதே இல்லை.

போன மாதம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. அதே கொல்லிமலை, நாற்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவு. செக் என்ஜின் லைட் எரிந்தது, பெடல் செத்தது. வண்டி ஊர்கிறது, அவ்வளவுதான். பின்னால் பஸ் ஹார்ன். எரர் கோடு பி2138. பெடலுக்குள் இரண்டு சென்சார் உண்டு, ஒன்று சொல்லும் வோல்டேஜில் ஏறத்தாழ பாதியை மற்றது சொல்லும். இரண்டு சாட்சி மாதிரி. சொல் ஒத்துப்போனால்தான் ஈசியு நம்பும். டப்பா செய்வது இரண்டு சாட்சிக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக் கொடுப்பது. அன்று ஒரு சாட்சி உளறிவிட்டது, வண்டி உஷாராகி, பவரைக் குறைத்து ஊர மட்டும் விடும் லிம்ப் மோடுக்குப் போய்விட்டது. யோசித்தால் அது சரியான வேலைதான், பெடல் பேச்சில் சந்தேகம் வந்த வண்டி அடங்கித்தான் போக வேண்டும். அன்று அங்கே அப்படித் தோன்றவில்லை. சாவியை எடுத்து, ஓரமாக நின்று, டப்பாவைக் கழற்றி, பழைய கப்ளரை நேராக மாட்டி மேலே போய்ச் சேர்ந்தோம். செம்மேட்டில் டீ குடிக்கும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

விற்றவர்களுக்குப் போன் போட்டால் "ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சதுங்க சார்". லாரி ஒயரிங் பார்க்கும் ஒரு அண்ணன் கப்ளரைப் பிரித்து, லூசாகப் போன ஒரு பின்னை நெம்பி, தூசி துடைத்து, ஒயர் ஆடாமல் டேக் போட்டுக் கட்டி 300 ரூபாய் வாங்கினார். "இந்த ஒயரு கால் பட்டு ஆடிட்டே இருந்திருக்குதுங்க" என்றார். என் ஷூ செய்த வேலை. விற்றவர்களைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கட்டும், அந்த டேக்கை அவர்களே பெட்டியில் போட்டிருக்கலாம்.

அதனால் மாப்ள, என் பதில் அதேதான்: வேண்டாம். வண்டி வாரண்டியில் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். டப்பாவைக் கழற்றி ஒளித்துவிடலாம், விழுந்த கோடு ஈசியுவின் நினைவில் கிடக்கும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டினால் வேண்டாம். டவுனுக்குள்ளேயே ஓட்டினால் வேண்டவே வேண்டாம். அந்த ஏழாயிரத்துக்கு ஏர் ஃபில்டரை மாற்றி, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் எங்காவது காற்று கசிகிறதா என்று பார். உன் வண்டியின் 'பிக்கப்' பிரச்சினை பாதி அங்கேதான் இருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். சரிசெய்த டப்பாவை டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டேன். பதினோரு நாள் அது இல்லாமல் ஓட்டினேன். வண்டி சாதுவாக இருந்தது. கரூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் மிதித்து, யோசித்து, இன்னும் மிதித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, வீட்டில் எல்லோரும் எழுமுன், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்திருந்தேன். சிட்டி மோடில், மிகக் குறைந்த அளவில்தான் வைத்தேன்.

எட்டு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தெருமுனை வேகத்தடையை ஏறி இறங்கியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "மாட்டிட்டியாக்கும்."