இயற்கைச் சான்றுக்கு அரசு தரும் பணம்: பிஜிஎஸ், என்பிஓபி இரண்டிலும் இருந்து பார்த்த அனுபவம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் நாங்கள் மஞ்சளும் நெல்லும் வைக்கிறோம். பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற அரசின் இயற்கை விவசாயத் திட்டக் குழுவில் மூன்று வருடம் இருந்து, விவசாயிகளே ஒருவருக்கொருவர் பார்த்துத் தருகிற பிஜிஎஸ் சான்று வாங்கினோம். அப்புறம் கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு உயிர்மச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்து, மாறுகாலம் (ரசாயனத்தை விட்டபின் முழுச் சான்றுக்குக் காத்திருக்கும் காலம்) முடித்து, இப்போது ஆய்வாளர் வந்து பார்த்துத் தருகிற என்பிஓபி சான்றில் இருக்கிறோம். "சான்று வாங்கினா கவர்மெண்ட்டு காசு தருதாமா, எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். காசு வருவது உண்மைதான். எந்தச் செலவுக்கு வருகிறது, எது நம் தலையிலேயே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

நாங்கள் முதலில் சேர்ந்த பரம்பராகத் திட்டம் 2015-இல் வந்தது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் பணம் போடுகிறது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் 20 ஹெக்டேர் தொகுப்பாகச் சேர வேண்டும். நாங்கள் சேர்ந்த காலத்தில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஹெக்டேருக்கு 50,000 ரூபாய். அதில் 31,000 இடுபொருளுக்காக விவசாயி கணக்கில் விழும். இப்போதைய கணக்கு அதே மூன்று வருடத்துக்கு ஹெக்டேருக்கு 31,500. அதில் விவசாயி கைக்கு வருவது 15,000, சான்றுக்கும் எஞ்சிய நச்சுப் பரிசோதனைக்கும் (விளைச்சலில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது) 3,000, மீதி பயிற்சிக்கும் சந்தைப்படுத்தலுக்கும். ஏக்கருக்கு வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 2,000 ரூபாய்தான் கைக்கு வரும். மஞ்சளுக்கு ஏக்கர் செலவு லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த 2,000 வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதை நம்பி விதைக் கிழங்குக்கு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. எங்களுக்கு முதல் தவணை வந்தபோது மஞ்சளுக்கு மண் அணைத்து முடித்திருந்தோம்.

சான்றுக்கான பங்கு நம் கைக்கு வராது, குழுவின் வழியாகவே செலவாகிவிடும். அது நல்லதுதான், பணமாகக் கொடுத்தால் வேறு வழியில் கரைந்துவிடும். பிஜிஎஸ் முறையில் வெளியிலிருந்து ஆய்வாளர் வருவதில்லை. குழுவில் இருப்பவர்களே ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். மாறுகாலத்தில் 'பிஜிஎஸ் கிரீன்', முடிந்ததும் 'பிஜிஎஸ் ஆர்கானிக்'. இந்த முறையை நான் மதிக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தெரியாமல் யாரும் யூரியா மூட்டை இறக்கிவிட முடியாது. கிழங்கு அழுகல் வந்த வருடம் அழுகலை அடக்குகிற நுண்ணுயிர்களான சூடோமோனாஸையும் டிரைக்கோடெர்மாவையும் எப்படிக் கொடுப்பது என்று நாங்கள் கற்றுக்கொண்டது அப்படி ஒருவர் காட்டில் ஒருவர் நின்று பார்த்ததால்தான்.

சிக்கல் நான்காம் வருடம் ஆரம்பிக்கிறது. திட்டம் முடிந்ததும் கூட்டம் குறைகிறது. இணையத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். சான்றைப் புதுப்பிக்க ஆள் இல்லை. எங்கள் குழுவிலும் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் விட்டார்கள். அவர்கள் ரசாயனத்துக்குத் திரும்பவில்லை, இன்றைக்கும் பஞ்சகவ்யம்தான் அடிக்கிறார்கள். ஆனால் கையில் சான்று இல்லாததால் அவர்கள் மஞ்சளும் ஏலத்தில் சாதா மஞ்சளாகத்தான் போகிறது. மூன்று வருடம் பாடுபட்டவனுக்கு இது ரொம்ப வலிக்கிற விஷயம்.

எங்களிடம் மஞ்சள் கேட்ட வியாபாரி ஏற்றுமதிக்காரர். பிஜிஎஸ் உள்நாட்டு விற்பனைக்குச் செல்லும், ஏற்றுமதிக்குச் செல்லாது. அதற்கு என்பிஓபி வேண்டும். அதனால்தான் கோவைத் துறைக்குப் போனோம். நாங்கள் கட்டிய கட்டணம் சிறு விவசாயிக்கு 2,700 ரூபாய். மற்றவர்களுக்கு 3,200, குழுவுக்கு 7,200. தனியார் சான்று நிறுவனம் சொன்ன தொகையோடு பார்த்தால் இதுவே பெரிய உதவி. கட்டணம் குறைவாக இருப்பதும் ஒரு மானியம்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். விண்ணப்பத்தோடு பண்ணை வரைபடம், மண், நீர்ப் பரிசோதனை முடிவு, வருடப் பயிர்த்திட்டம், நில ஆவணம், ஆதார், பான் அட்டை, மூன்று நகல் ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஆய்வாளர் வந்ததும் நேராக மோட்டார் ரூமுக்குப் போனார். மூலையில் இருந்த கைத்தெளிப்பானின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அப்புறம் பதிவேட்டை விரித்து, பஞ்சகவ்யம் போட்ட தேதியில் விரலை வைத்து, "சாணி யாரு மாட்டுதுங்க?" என்று கேட்டார். மஞ்சள் வேகவைக்கிற வண்டி யாருடையது, பாலிஷ் டிரம்மில் நமக்கு முன்னால் ஓடியது யார் மஞ்சள் என்பது வரைக்கும் கேள்வி வந்தது. டிரம் வாடகை டிரம்தான். அதனால் முன்னால் ஓடிய மஞ்சளின் மிச்சம் போகிற மாதிரி கழுவிவிட்டு, எங்கள் மஞ்சளிலேயே இரண்டு மூட்டையை முதலில் ஓட்டி, அதைச் சாதா மஞ்சளாக ஒதுக்கிவிடுகிறோம். அதையும் எழுதி வைத்திருந்தோம். அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் அவர் முகம் இளகியது.

அந்த இரண்டு மூட்டையில் குறைகிற விலையை எந்தத் திட்டமும் தருவதில்லை. வேலியோர வரிசைகளும் அப்படித்தான். பக்கத்துக் காடு கரும்பு, களைக்கொல்லி அடிப்பார்கள். "மருந்தடிக்கிற அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கண்ணா" என்று கேட்டு வைத்திருக்கிறோம், அவரும் சொல்லிவிடுகிறார். இருந்தாலும் கிளுவை வேலியை ஒட்டிய வரிசையைத் தனியாக வெட்டித் தனியாகத்தான் விற்கிறோம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு மாறுகாலம். ஒரு வருடப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருடம். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், விலையோ சாதா விலைதான். உதவி விழ வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. விவசாயி கைக்கு வரும் பங்கை 31,000-லிருந்து 15,000 ஆக்கியது சரியில்லை. என்பிஓபிக்குப் போகிற சிறு விவசாயிக்கு எஞ்சிய நச்சுப் பரிசோதனைச் செலவையாவது அரசு ஏற்க வேண்டும். கட்டணத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பரிசோதனை ரசீதைப் பார்த்துத்தான் திகைத்துப்போகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் யாருக்கு விற்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். உள்ளூர் இயற்கை அங்காடி, வீட்டுக்கு வந்து அரிசி வாங்குகிறவர்கள் என்றால் பிஜிஎஸ் போதும், திட்டக் குழு இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஏற்றுமதிக்காரர் கண்ணில் இருந்தால் முதல் வருடமே என்பிஓபியில் பதிந்துவிடுங்கள், இரண்டு முறை காத்திருக்க வேண்டாம். குழுவில் சேருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே ஒரு பொதுக் கணக்கு தொடங்கி, நான்காம் வருடப் புதுப்பிப்புக்கும், விவரம் ஏற்றுகிற பையனுக்குச் சம்பளத்துக்கும் மாதாமாதம் கொஞ்சம் போட்டு வாருங்கள்.