முகமா, தெருவா, எழுத்தா: ஒரு சின்ன கேமுக்கு மூன்று கடைப் படங்கள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் மதியம் பசித்தால் கடை முன்னால் நின்று "குவாட்டர் மட்டன்" என்று சொன்னால் போதும். கால் ரொட்டியின் நடுவைத் தோண்டி, ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, தோண்டிய துண்டை மேலே மூடி வைத்து, காரட்டும் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் பக்கத்தில் போட்டுத் தருவார்கள். பன்னி சாவ் என்று ஊரே கொண்டாடும் சாப்பாடு இது. நானும் தம்பியும் செய்துகொண்டிருக்கும் கேமுக்கும் குவாட்டர் மட்டன் என்றே பெயர் வைத்திருக்கிறோம். கிரே ஸ்ட்ரீட்டில் (பலகையில் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்) ஓர் ஆயாவின் பன்னி கடையை நாம் நடத்த வேண்டும். கோடிங் அவன் பொறுப்பு, படம் என் பொறுப்பு.

கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் எங்கள் கேமுக்குப் பக்கம் திறக்க மூன்று விதமாக வரைந்தேன். முதலாவதில் ஆயா இரண்டு கையாலும் ரொட்டியை நம் முன்னால் நீட்டுகிறார். படம் முழுக்க முகமும் ரொட்டியும்தான். இரண்டாவது, அந்தி நேரத்துத் தெரு: மசூதியின் மினார்கள், கடைப் பலகைகள், மூலையில் வெளிச்சமாக நம் கடை. மூன்றாவதில் ஆள் இல்லை, தெரு இல்லை. கேமின் பெயர் மட்டும், ரொட்டித் தோல் மாதிரி மொறுமொறுப்பான தடித்த எழுத்தில்.

பெரிதாகத் திரையில் பார்த்தபோது தெருதான் ஜெயித்தது. தம்பிக்கும் அதுவே பிடித்தது. பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்தது, எனக்கும் அதன்மேல் ஆசை அதிகம். ஆனால் கடையில் யாரும் படத்தை அந்த அளவில் பார்ப்பதில்லை. ஸ்டீம் கேட்கும் சின்ன கேப்ஸ்யூல் (கடைப் பட்டியலில் கேமைக் காட்டும் படம்) 462×174 பிக்சல். அதையும் அவர்களே 184×69, 120×45 என்று சுருக்கிப் பட்டியல்களில் போடுகிறார்கள். 120×45 என்றால் கட்டைவிரல் நகம் அளவுதான். அந்த அளவில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூன்றையும் ஒப்பிட வேண்டும் என்பது என் முடிவு.

அதனால் மூன்றையும் சுருக்கி, சமையல், கடை நடத்துதல் வகையில் உள்ள பத்து கேம்களின் படங்களுக்கு நடுவே ஒட்டி, போனில் போட்டு அம்மாவிடம் மூன்று விநாடி மட்டும் காட்டினேன்.

தெருவில் அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டு கம்பமும் ஊதா நிறமும். கடை எங்கே என்று தேடினார், அதற்குள் போனை இழுத்துவிட்டேன். குறை வரைந்ததில் இல்லை. அந்தி ஊதாவும் ஸ்டீம் பக்கத்தின் கருநீலமும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள்; படத்தின் ஓரமே கரைந்து போகிறது. பலகைகளில் ஆசையாகத் தமிழில் எழுதியிருந்தேன். அதெல்லாம் எறும்பு ஊர்ந்த தடமாகிவிட்டது. இங்கே கோயில் வாசலுக்கு வெளியே தமிழ் எழுத்தைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் அதை விட மனசு வரவில்லை. இப்போது அந்தப் பலகைகள் கேமுக்குள்ளேயே இருக்கின்றன, 1920×1080 ஸ்கிரீன்ஷாட்டில் நன்றாகப் படிக்க முடிகிறது.

எழுத்துப் படம் படிக்கும் விஷயத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. 120 பிக்சலிலும் ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. சின்ன கேப்ஸ்யூலில் பெயரே பெரும்பாலான இடத்தை நிரப்பட்டும் என்றுதான் ஸ்டீமும் சொல்கிறது. சரி, ஆனால் பெயர் புரிவதும் கேம் புரிவதும் வேறு. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகளுக்கு அனுப்பினேன். "ஏன் அக்கா, சாராயக் கடை கேமா?" என்று உடனே பதில். அவளைக் குறை சொல்ல முடியாது, அங்கே குவாட்டர் என்றால் அதுதானே! டர்பன்காரருக்கு வாயில் எச்சில் ஊறும் பெயர் மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. கேம் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மற்றவர்கள்தான்.

முகம் முதல் சுற்றில் தோற்றுத்தான் போயிற்று. ஆயா சிரிப்பது தெரிந்தது, நிறம் எடுத்துக்காட்டியது. ஆனால் அம்மா கேட்டது: "கையில என்ன, செங்கல்லா?" எழுபது வருஷமாக இந்த ஊர் ரொட்டியைச் சாப்பிடுகிறவருக்கே அது ரொட்டியாகத் தெரியவில்லை. உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். நேர்முன்னால் இருந்து வரைந்ததால் ரொட்டி வெறும் பழுப்புச் சதுரம். குழம்பு உள்ளே இருட்டில் இருந்தது. பார்வையைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். தோண்டிய விளிம்பில் வெள்ளைச் சதையைச் சுற்றிக் காட்டினேன். பழுப்புத் தோலுக்குள் அந்த வெள்ளை வளையம் தெரிந்தால்தான் கண் ரொட்டி என்று ஒத்துக்கொள்கிறது. அப்புறம் மூடித்துண்டைச் சாய்த்து வைத்து, எண்ணெய் மினுங்கும் செம்மஞ்சள் குழம்பை ஒரு பக்கம் வழிய விட்டேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன், அப்போதும் வெள்ளை வளையம் நின்றது. மறுபடி காட்டியபோது அம்மா, "மட்டனா பீன்ஸா?" என்று கேட்டார். அதோடு போட்டி முடிந்தது.

இதற்கு நடுவில் ஏஐ படம் செய்து பார்க்கலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. ஏஐ கொண்டு செய்த உள்ளடக்கம் இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் விதி கொண்டுவந்தது, எனவே மறைத்துச் செய்கிற வேலை இல்லை. எனக்கு வந்த படங்களில் ரொட்டி உருண்டையாக இருந்தது, சூப் ஊற்றிக் கொடுக்கும் வெளிநாட்டு ரொட்டிக் கிண்ணம் மாதிரி. நம் ஊர்ப் பன்னிக்கு நாலு மூலை உண்டு. அதைத் தவறாகக் காட்டும் படத்தை டர்பன் கேமுக்கு முன்னால் வைக்க மாட்டேன்.

ஒரே படத்தை எல்லா அளவுக்கும் வெட்டிப் போடுவது சோம்பேறித்தனம். முகம் மட்டும் எல்லா இடத்திலும் போகும் என்றும் நான் சொல்லவில்லை. 920×430 ஹெடர் (கேம் பக்கத்தின் மேலே வரும் படம்), 1232×706 முதன்மைப் படம், 748×896 நெட்டைப் படம் மூன்றுக்கும் ஆயா. நெட்டைப் படத்தில் முகம் மேலே, ரொட்டி நடுவே, பெயர் கீழே என்று தானாகவே உட்கார்ந்துகொண்டது. சின்ன கேப்ஸ்யூலுக்கு மூன்றாவது படத்தின் எழுத்து, ஓரத்தில் ரொட்டி மட்டும். அந்த இடத்தில் ஆயாவின் முகத்தைத் திணித்தால் முகமும் கெடும், பெயரும் கெடும். பணமோ நேரமோ ஒரு படத்துக்குத்தான் இருக்கிறது என்றால் முகத்தைச் செய்யுங்கள், எழுத்தைத் தனி லேயராக வைத்துக்கொள்ளுங்கள். விருதைக் காட்டும் இலைச் சின்னம், விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதையும் மேலே ஒட்ட நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீம் அதை அனுமதிப்பதில்லை.

இன்னொரு இணையக் கேம் கடையான இட்ச்.ஐஓவில் 630×500 ஒரே அட்டைப் படம், ஜிஃப்பாகவும் போடலாம். அங்கேயும் ஆயாதான், குழம்பில் ஆவி மட்டும் அசைகிறது.

தெருப் படம் வீணாகவில்லை. வாங்கியவர்கள் லைப்ரரியில் கேமைத் திறந்தால் மேலே விரியும் அகலப் படம் 3840×1240. அதில் எழுத்தே இருக்கக் கூடாது, லோகோவைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். மினார்களும் ஊதா வானமும் அங்கே மூச்சுவிட இடம் கிடைத்து நிற்கின்றன. பலகைகளில் இருந்த தமிழை மட்டும் அதில் அழித்துவிட்டு, கதவு மேல் மாவிலைத் தோரணம் வரைந்துகொண்டிருக்கிறேன்.